மனநோயாளரின் நித்திரையும் குடும்பத்தின் கடமையும்



மனநோய் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு எந்த வீட்டுக்குள்ளும் நுழைவதில்லை. "என் மகனுக்கு மனநோய்" என்று சொல்லிக்கொண்டு பங்குத்தந்தையிடம் வரும் தாய்மார் மிகச் சிலரே. "இராத்திரியில் கண்ணை மூட மாட்டேன் என்கிறான், சாமி, ஒரு செபம் சொல்லிவிடுங்கள்" என்றுதான் வருகிறார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியிலும் இதே கதைதான். "நித்திரை இல்லை, ஒரு வில்லை கொடுங்கள்" என்ற ஒரு வரிக்குள் ஆறு மாதத் துன்பம் அடங்கிக் கிடக்கும். நித்திரை இல்லை என்று சொல்வதில் வெட்கமில்லை. காதில் குரல் கேட்கிறது என்று சொல்லத்தான் வெட்கம். சாக வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லத்தான் பயம். ஆகவே, மனநோய்க்கு உதவி தேடும் வழியில் நித்திரையே பல வீடுகளுக்கு முதல் வாசலாக இருக்கிறது. அந்த வாசலில் நின்று ஐந்து வில்லைகளோடு திரும்பிவிடாமல், உள்ளே எப்படிப் போவது என்பதே இவ்வாரம் நாம் படிக்கப்போகும் பாடம்.

ஹல்துமுல்லைப் பிரதேசத்துக் குடும்பங்களை மனத்தில் வைத்தே இதனை எழுதுகிறேன். காரணம் உங்களுக்குத் தெரியும். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் மேல் மலை இறங்கியது. லயங்கள் மண்ணுக்குள் போயின. இறந்தோரும் காணாமற்போனோருமாக முப்பதுக்கும் மேற்பட்டோரை அந்த ஒரு காலை கொண்டுபோயிற்று. பலரது உடல் இன்னமும் அந்த மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. உயிர் தப்பியோர் பள்ளிக்கூடங்களிலும் பின்பு மாகல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டு, புது வீடுகளுக்குப் போக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சென்றன. 2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலைத் தோட்டத்தில் மறுபடியும் மண் சரிந்தது; இம்முறை இரவு நேரத்தில். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை பதுளை மாவட்டம் முழுவதையும் நடுங்கவைத்தது.

இவற்றைக் கண்ட ஒருவர் கூரைத் தகரத்தில் மழை விழும் ஓசையைக் கேட்டு எழுந்து உட்கார்ந்தால், அவரைப் பைத்தியம் என்று எவரும் சொல்லலாகாது. அவரது உடல் அவரைக் காப்பாற்றப் பார்க்கிறது. ஆபத்தை ஒருமுறை கண்ட மூளை, மறுமுறை உறங்கிக்கொண்டிருக்கும்போது அது வந்துவிடக்கூடாது என்று காவல் நிற்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, கை கால் குளிர்கிறது, சின்னச் சத்தமும் இடியாகக் கேட்கிறது. ஒரு மாதம், இரண்டு மாதத்தில் இந்தக் காவல் பலருக்குத் தானாகவே தளர்ந்துவிடும். சிலருக்குத் தளர்வதில்லை. மழையே இல்லாத மாசி மாதத்திலும் அதே கனவு, அதே திடுக்கிடல், அந்த இடத்தைப் பற்றிப் பேசினாலே எழுந்து போய்விடுதல், பிள்ளைகள் மேல் காரணமில்லாத கோபம். இது ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அதற்குப் பெயர் பலவீனமுமல்ல, விசுவாசக் குறைவுமல்ல. அது ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு.

மெய்யான ஆபத்துக்கும் நோயின் பயத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு வழியைச் சொல்கிறேன். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் அளவுகோல் இது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் வெளியேற ஆயத்தம், 150 ஆனால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், உடனே வெளியேறுதல். லயத்தில் பத்துக் குடும்பங்கள் இருந்தால் பத்துக் குடும்பமும் விழித்திருப்பதில் என்ன பயன்? மழை நாட்களில் இரவுக்கு இருவர் முறை வைத்துக் காவல் இருந்து அளவைப் பார்த்து, வேண்டும்போது மற்றவர்களை எழுப்பட்டும். "இன்று இன்னார் பார்க்கிறார், நான் தூங்கலாம்" என்ற நம்பிக்கை ஒரு வில்லையைவிட நல்ல மருந்து. முறைக் காவலுக்கு ஆளிருந்தும், வானம் வெளுத்திருந்தும், ஒருவருக்கு மட்டும் கண் மூட முடியவில்லை என்றால், அவரை டொக்டரிடம் அழைத்துப்போகும் வேளை வந்துவிட்டது.

இனி, நித்திரை என்பது என்ன? இரண்டு சக்திகள் சேர்ந்து நம்மைத் தூங்கவைக்கின்றன. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் நமக்குள் சேரும் தூக்கக் கடன். கொழுந்துக் கூடையில் பிடி பிடியாகப் பாரம் ஏறுவதுபோல அது காலை முதல் ஏறிக்கொண்டே வந்து, இரவில் நம்மைச் சாய்க்கிறது. மற்றது, மூளைக்குள் இருக்கும் ஒரு கடிகாரம். அது வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. காலை வெயில் கண்ணில் படுவது அதற்குச் சாவி கொடுப்பது போன்றது. பெரட்டுக்குப் போய் மலையேறிக் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு இரண்டும் ஒழுங்காக நடக்கின்றன. காம்பராவுக்குள் சன்னலில்லாத மூலையில் பகலெல்லாம் சுருண்டு கிடக்கும் நோயாளிக்கோ இரண்டும் கெடுகின்றன. பகலில் நான்கு மணி நேரம் தூங்கியதால் கூடை நிறையவில்லை. வெயில் படாததால் கடிகாரத்துக்குச் சாவியில்லை. பிறகு நள்ளிரவில் அவர் உலாவினால் வீட்டார் கோபிக்கிறார்கள்.

ஒவ்வொரு மனநோயும் நித்திரையை ஒவ்வொரு விதமாகக் கெடுக்கிறது. வீட்டார் இதனை அறிந்திருப்பது மிகவும் பயன் தரும். மனச்சோர்வு நோயுள்ளவர் ஒருவர் படுத்தவுடன் தூங்கிவிடவும் கூடும். ஆனால் விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கே விழித்துக்கொள்வார். அந்த வேளையே அவருடைய நாளின் மிகக் கறுத்த வேளை. எல்லாம் முடிந்துபோயிற்று, நான் இருந்து யாருக்கு லாபம் என்ற எண்ணங்கள் அப்போதுதான் வரும். சிலர் இதற்கு மாறாகப் பன்னிரண்டு மணி நேரம் தூங்கியும் களைப்போடு எழுவார்கள். அவர்களைச் சோம்பேறி என்று வையாதீர்கள். மனச்சிதைவு நோயுள்ளவருக்கு இரவு பகல் புரண்டுபோகும். வெளியே எல்லாச் சத்தமும் அடங்கிய பின் உள்ளே கேட்கும் குரல் பெரிதாகக் கேட்கும். அதனால் படுக்கவே அஞ்சுவார்.

எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோய் ஒன்றுண்டு. இருமுனை நோய் என்று இதனைச் சொல்கிறார்கள். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன. எழுச்சி வரும்போது நோயாளி மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு உற்சாகமாக எழுவார். களைப்பு என்பதே இராது. விடியுமுன் வீட்டைக் கழுவுவார், பாட்டுப் பாடுவார், கடன் வாங்கிச் சாமான் வாங்குவார், நீண்ட செபம் சொல்வார், தனக்கு ஆண்டவர் நேரில் பேசினார் என்பார். "பாருங்கள், மாத்திரையில்லாமலே சுகமாகிவிட்டான்" என்று வீட்டார் மகிழ்ந்து மருந்தை நிறுத்திவிடுவார்கள். பத்து நாளில் வீடே தலைகீழாகும். நித்திரையின்மையால் வாடுகிறவருக்குத் தூக்கம் வேண்டும், வரவில்லை. அதனால் பகலில் தள்ளாடுகிறார். எழுச்சியில் இருப்பவருக்குத் தூக்கமே வேண்டியிருப்பதில்லை. இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். இரண்டாம் இரவிலேயே கிளினிக்குக்கு ஓடலாம். மூன்றாம் வாரத்தில் கட்டிப்பிடித்துத் தூக்கிப்போக வேண்டியதில்லை.

முன்னொரு காலத்தில் வைத்தியர்கள்கூட, நித்திரையின்மை நோயின் நிழல் மட்டுமே, நோய் நீங்கினால் நிழலும் நீங்கும் என்று எண்ணியிருந்தார்கள். இப்போது அப்படி எண்ணுவதில்லை. நோய் நித்திரையைக் கெடுக்கிறது. கெட்ட நித்திரை நோயை வளர்க்கிறது. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஓர் ஆய்வு 2017இல் வெளியாயிற்று. நித்திரையின்மையால் வருந்திய 3,755 பல்கலைக்கழக மாணவரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாருக்கு மட்டும் மருந்தில்லாத நித்திரைப் பயிற்சியைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு நித்திரை சீரானதோடு, பிறர் தமக்குத் தீங்கு நினைக்கிறார்கள் என்ற சந்தேகமும் இல்லாததைக் காணும் கேட்கும் அனுபவங்களும் மற்றப் பிரிவாரைவிடக் குறைந்தன. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது: "எனக்கு மனநோய் இருக்கிறது, ஆகவே தூக்கம் வராதது விதி" என்று எவரும் சகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஏற்கனவே மருந்து எடுப்பவர்களே கிளினிக்கில் இதைச் சொல்லாமல் விடுகிறார்கள். டொக்டர் "எப்படி, சுகமா?" என்று கேட்க, "சுகம்" என்று தலையாட்டிவிட்டு வருகிறார்கள். கேட்க நேரமில்லாத டொக்டரும், சொல்லத் துணியாத நோயாளியும்! கூடப் போகிறவர்தான் வாய் திறக்க வேண்டும்.

பேய், பிசாசு, செய்வினை

டொக்டரிடம் போகுமுன் நம்மவர் வேறு எங்கெல்லாம் போகிறார்கள் என்பதை நானும் அறிவேன், நீங்களும் அறிவீர்கள். உடுக்கு அடித்து விடிய விடியக் கோடாங்கி பார்ப்பது, தாயத்து, தேசிக்காய் வெட்டுதல். நம் கத்தோலிக்க வீடுகளில் அதற்குச் சற்றே மாறுவேடம் போட்டு, ஊர் பேர் தெரியாத செபக்காரரைக் கூட்டிவந்து இரவு முழுவதும் கூச்சலிட்டுப் பேயோட்டுதல். சத்தியமாகக் கேட்கிறேன்: ஏற்கனவே மூன்று நாள் தூங்காத ஒரு பிள்ளையை நான்காம் இரவும் தூங்கவிடாமல் தலைமயிரைப் பிடித்து உலுக்குவது எந்த வேதத்தில் இருக்கிறது?

திருச்சபையின் ஒழுங்கு தெளிவானது. பிசாசை ஓட்டும் பெருஞ்சடங்கை ஆயரின் வெளிப்படையான அனுமதி பெற்ற குருவானவர் ஒருவர் மட்டுமே செய்யலாம் என்று திருச்சபைச் சட்டம் 1172 விதிக்கிறது. அதற்கு முன், அது நோயல்ல என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 1673ஆம் பகுதியில் சொல்கிறது. மனநோய்களைக் கவனிப்பது மருத்துவத்தின் வேலை என்றும் அங்கேயே வரையறுக்கிறது. 1614ஆம் ஆண்டின் பழைய சடங்கு நூலே, பிசாசு பிடித்தது என்று எளிதில் நம்பிவிடாதபடி குருக்களை எச்சரித்தது. நானூறு ஆண்டுக்கு முன் இருந்த அந்தப் பொறுமை இன்று நமக்கு இல்லாமல் போனதேன்?

செபிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோயாளியின் தலைமேல் கைவைத்துச் செபிப்பதும், நோயில்பூசுதல் பெறுவதும் நம் உரிமை. மனநோயாளருக்கும் அது உண்டு. சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள். செபமும் மருத்துவரும் மருந்தும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன. ஒன்றுக்காக மற்றொன்றை விடச் சொல்லவில்லை. அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரத்தில் எலியா இறைவாக்கினர் மனமுடைந்து, சாவைக் கேட்டு, ஒரு செடியின் கீழ் படுத்துவிடுகிறார். வானதூதர் அவரை வைதாரா? உபதேசம் பண்ணினாரா? தூங்கவிட்டார், எழுப்பி உண்ணக் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் உண்ணக் கொடுத்தார். ஓரேபு மலைக்கான பயணமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம் புனிதர்களில் இறைவனின் புனித யோவான் என்பவர், போர்த்துக்கலில் 1495இல் பிறந்தவர். கிரனாடா நகரில் தாமே மனங்கலங்கி, அரச மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, அக்கால வழக்கப்படி கட்டப்பட்டுச் சாட்டையடி பட்டவர். அடியே சிகிச்சை என்று எண்ணிய காலம் அது. வெளியே வந்த பின் அவர் தாமே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கி, ஏழைகளையும் மனநோயாளரையும் அன்போடு பராமரித்தார். பெல்ஜிய நாட்டில் கீல் என்ற ஊரில் புனித டிம்ப்னாவின் திருத்தலம் இருக்கிறது. மனநோயாளர்களை அங்கே யாத்திரையாக அழைத்துவருவார்கள்; கோவிலில் இடம் போதாமல் ஊரார் அவர்களைத் தங்கள் வீடுகளில் ஏற்றார்கள். அவ்வழக்கம் நூற்றாண்டுகளாகத் தொடர்ந்து, 1930களின் இறுதியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர்கள் அவ்வூர்க் குடும்பங்களோடு வாழ்ந்தார்கள். ஒரு பங்கு மக்கள் இப்படியும் இருக்க முடியும்.

நம் பங்குகளுக்கு இங்கே ஒரு வார்த்தை. முழு இரவு ஆராதனையும் திருவிழாக் கண்விழிப்பும் சுகமுள்ளோருக்கு நல்லவை. இருமுனை நோயுள்ளவருக்கு ஓர் இரவுக் கண்விழிப்பே எழுச்சியைத் தூண்டிவிடக்கூடும். அவரை ஒன்பது மணிக்கு வீட்டுக்கு அனுப்புங்கள். அவருக்கு அதில் பாவமில்லை, அவரை அனுப்பாமல் வைத்திருப்பவருக்குத்தான் கணக்கு. நோன்பு நாட்களில் நோயாளிக்கு நோன்புக் கடன் இல்லை. நன்மை வாங்குமுன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் ஒழுங்கை மருந்தும் தண்ணீரும் முறிப்பதில்லை. சட்டம் 919 அதைச் சொல்கிறது. "பூசைக்குப் போக வேண்டும், அதனால் மாத்திரை போடவில்லை" என்ற பேச்சு இனி எந்த வீட்டிலும் வேண்டாம்.

யாரிடம் போவது?

"அங்கொடைக்கு அனுப்ப வேண்டிய ஆள்" என்று ஒருவரை ஏசுவது நம் ஊர் வழக்கம். அந்த ஒரு சொல்லே பலரை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து துரத்தியிருக்கிறது. இலங்கையில் 2005இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட மனநலக் கொள்கையின் நோக்கமே, எல்லாரையும் கொழும்புக்கு அருகே ஒரே இடத்தில் அடைப்பதை விட்டு, மாவட்டந்தோறும் சிகிச்சை கிடைக்கச் செய்வதாகும். பதுளைப் பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு. ஹல்துமுல்லை, கொஸ்லாந்தை அரசாங்க ஆஸ்பத்திரியில் முதலில் டொக்டரைக் கண்டு, மனநலக் கிளினிக் எங்கே, எந்தக் கிழமையில் என்று கேட்டுத் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் உள்ளவரும் அந்தத் துண்டைத் தரலாம். கிளினிக்கும் மருந்தும் இலவசம். பஸ் காசும் ஒரு நாள் பேரும்தான் செலவு. நாள் சம்பளக்காரருக்கு அது சின்னக் காரியமல்ல என்பதை அறிவேன். ஆகவேதான், போகிற நாளில் பலனோடு திரும்ப வேண்டும் என்கிறேன்.

அதற்கு ஆயத்தம் வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து, இரண்டு வாரத்துக்குத் தினமும் காலையில் ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தார், ஏறக்குறைய எப்போது தூங்கினார், எத்தனை முறை எழுந்தார், எப்போது விழித்தார், பகலில் தூங்கினாரா, மாத்திரை எத்தனை மணிக்கு, தேத்தண்ணி, சாராயம் உண்டா. நோயாளிக்கு எழுத முடிந்தால் அவரே எழுதட்டும். (எழுத்துத் தெரியாத வீட்டில் அடுத்த காம்பராப் பிள்ளை எழுதிக்கொடுத்தால் அது அந்தப் பிள்ளைக்கும் ஒரு புண்ணியம்.) ஆனால் இரவில் மணி பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், மணி பார்ப்பதே தூக்கத்தைக் கெடுக்கும். டொக்டர் தமிழ் அறியாதவராயிருந்தால், சிங்களம் நன்றாகத் தெரிந்த, வாய்காக்கும் பெரியவர் ஒருவரை அழைத்துப்போங்கள். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்புக்கு நிறுத்தாதீர்கள். தாயின் சாவு நினைப்பை மகள் வாயால் சொல்லவைப்பது கொடுமை.

அங்கே "நித்திரை இல்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எப்போதிருந்து, அதற்கு முன் என்ன நடந்தது, தூங்காதபோது என்ன எண்ணம் வருகிறது, என்ன கேட்கிறது, என்ன கனவு என்று சொல்லுங்கள். பக்கத்தில் படுப்பவர் கண்டதையும் சொல்லுங்கள். மனநோய் மருந்துகள் சில உடலைப் பருக்கவைக்கும். உடல் பருத்தவர் பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, திணறி விழித்தால் அது தனி நோய். அவருக்குத் தூக்க மாத்திரை கூட்டுவது ஆபத்து. சில மருந்துகளால் கால் ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவிக்கும். வீட்டார் அதை நோய் முற்றிவிட்டது என்று எண்ணுவார்கள். இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்தாலும் இரவில் கால் அப்படிக் குடையும். இரத்தச்சோகையுள்ள நம் தோட்டத்துப் பெண்கள் இதைச் சொன்னால் ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மாத்திரை போட்டால் காலையில் பெரட்டுக்கு எழுந்திருக்க முடியவில்லை என்பது இளைஞர் பலரின் குறை. நியாயமான குறைதான். ஆனால் அதற்காகத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். "காலையில் மயக்கமாக இருக்கிறது, வேலைக்குப் போக வேண்டும்" என்று டொக்டரிடம் சொன்னால், அளவையோ, போடும் நேரத்தையோ, மருந்தையோ மாற்றிப் பார்க்க வழியுண்டு. இதனைக் கேட்பது அவரை அவமதிப்பதாகாது. தூக்க மாத்திரை என்று தனியாகக் கொடுப்பவை சில நாட்களுக்கும் வாரங்களுக்குமே உரியவை. மாதக்கணக்கில் போட்டால் உடல் அதற்குப் பழகிப்போகும். பழகிய பின் திடீரென நிறுத்தினால் நடுக்கமும், சிலருக்கு வலிப்புமே வரலாம். டொக்டரின் சொற்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாவின் வில்லையை வாங்கிப் போடுவதும், டவுனில் பார்மசியில் துண்டில்லாமல் கேட்பதும் கூடவே கூடாது.

மருந்தில்லாத பயிற்சி என்று மேலே சொன்னேனே, அதன் சாரம் எளியது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் தினமும் ஒரே மணிக்கு எழுதல். எழுந்தவுடன் வெளியே வெயிலில் அரைமணி நேரம். பகல் தூக்கத்தைச் சுருக்குதல். தூக்கம் வந்த பிறகே பாயில் சாய்தல். இருபது நிமிடம் போலப் புரண்டும் வராவிட்டால் எழுந்து உட்கார்ந்து, அலுத்தபின் திரும்பிப் படுத்தல். பாய் என்றால் தூக்கம் என்று மூளை மறுபடியும் படிக்க வேண்டும். ஆனால், படுக்கும் நேரத்தை வெகுவாகக் குறைக்கும் முறையை இருமுனை நோயுள்ளவர் டொக்டரைக் கேளாமல் செய்யலாகாது.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறு பேர் படுக்கும் வீட்டுக்கு இதெல்லாம் பொருந்துமா என்று கேட்பீர்கள். முழுவதும் பொருந்தாது. எழுந்து உட்காரத் தனி அறை ஏது? அடுப்படியில் ஒரு முக்காலி போடலாம். ஒன்பது மணிக்குப் பின் டெலிவிஷனை அணைக்கலாம். அண்டை வீட்டாரையும் கேட்டுப் பார்க்கலாம். நோயாளியைச் சுவரோரம் படுக்கவைத்து, இரவில் எழுவோர் அவரைத் தாண்டாமல் போக வழி விடலாம். கைத்தொலைபேசி தலையணைக்கடியில் வேண்டாம்.

தேத்தண்ணியைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் தேநீரைக் குறை என்றால் எப்படி? குறைக்க வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். தேயிலையில் உள்ள கஃபீன், உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுக்கும். மாலை ஆறு மணிக்குக் குடித்த கறுப்புச் சாயத்தின் பாதி இரவு பதினொன்றுக்கும் இரத்தத்தில் ஓடும். பிற்பகல் மூன்று மணியோடு நோயாளிக்கு நிறுத்திவிட்டு, பிறகு வெந்நீரோ கொத்தமல்லித் தண்ணீரோ கொடுங்கள். சாராயமும் கசிப்பும் தூங்கவைக்கும் என்பார்கள். முதல் இரண்டு மணி நேரம் தூங்கவைக்கும், பின்னிரவில் அந்தத் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும், கனவைக் கொடிதாக்கும், மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடவும் கூடும்.

வீட்டில் நோயாளியைப் பார்ப்பவரும் மனிதர்தான். பெரும்பாலும் அது தாய். நாலரைக்கு எழுந்து சமைத்து, மலையில் நின்று, இரவில் மகன் எழுந்துபோகிறானா என்று ஒரு காதைத் திறந்துவைத்துக்கொண்டே படுப்பவள். ஆண்டுகளாக அப்படிப் படுத்தவள் தானும் நோயாளியாகிறாள். வாரத்தில் இரண்டு இரவாவது அண்ணனோ மாமனோ அந்தக் காவலை ஏற்கட்டும். பங்கில் மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறதல்லவா? செபமாலை சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வரும் சந்திப்பை விட்டு, கிளினிக் நாளில் அந்த வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொள்வதும் ஒரு சந்திப்புத்தான்.

இனிச் சொல்வது காத்திருக்கக்கூடாத காரியம். பல இரவு தூங்காதவர் சாவைப் பற்றிப் பேசினால், தன் பொருட்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால், என்னை மன்னித்துவிடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னால், அன்றைக்கே, கிளினிக் நாள் பாராமல், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போங்கள். தனியாக விடாதீர்கள். "சாகும் எண்ணம் வருகிறதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டதே பலருக்கு ஆறுதல். வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் களைநாசினி, பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்திப் பூட்டிவையுங்கள். கொடிய பூச்சிமருந்துகள் பலவற்றை அரசாங்கம் படிப்படியாகத் தடைசெய்த பின் இந்நாட்டில் தற்கொலைகள் 1995ஆம் ஆண்டின் உச்சத்திலிருந்து வெகுவாகக் குறைந்தன. கைக்கெட்டாமல் வைப்பதற்கு அவ்வளவு பலன் உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் பகலிலும் பேசலாம். அவசர அம்புலன்ஸ் இலக்கம் 1990, அதற்கும் கட்டணமில்லை. இந்த இரண்டையும் கதவின் உட்புறத்தில் பெரிதாக எழுதிவையுங்கள்.

கடைசியாக, பலர் கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில். கிளினிக் நாளும் கடன்திருநாளும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது? கிளினிக்குக்குப் போங்கள். நோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் பூசைக் கடன் அன்று கட்டாது. அதிகாலைப் பஸ்ஸுக்கு முன் நோயாளிக்கு நன்மை கொடுக்க வேண்டுமென்றால் முதல்நாள் மாலையில் உங்கள் பங்குத்தந்தைக்குச் சொல்லி அனுப்புங்கள். கிளினிக் கொப்பியையும் அந்த இரண்டு வாரக் கொப்பியையும் இரவே பைக்குள் வைத்துவிடுங்கள்.